பெட்டிக்கு மேலே யார் பெயர்?



"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். சரக்கு நல்லதாக இருந்தால் ஆள் தானாகத் தேடி வரும் என்பது அதன் பொருள். அந்தக் காலத்துக்கு அது சரிதான். மல்லிகைப் பூவின் வாசனை தெருமுனை வரைக்கும் போகும். மூக்கு உள்ளவன் வந்து வாங்கிக்கொண்டு போவான். ஆனால் செல்போன் திரையில் வாசனை வருமா? தொட்டுப் பார்க்க முடியுமா? தட்டிப் பார்த்து ஓசை கேட்க முடியுமா? சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

இன்றைக்குக் கைவினைப் பொருள்களை ஆன்லைனில் விற்பது பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். "படம் எடு, போடு, ஆர்டர் தானா வரும்" என்கிறார்கள். வரட்டும். வந்த பிறகு? ஆர்டர் வந்த நிமிஷத்திலிருந்து பொருள் வாங்கியவர் கைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் நடக்கிற வேலையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்த வேலைக்குப் பெயர் பேக்கிங். அதை ஏதோ கடைசி நேரத்தில் ஒரு டேப்பை எடுத்துச் சுற்றுகிற வேலை என்று நினைக்கிறோம். பணக்காரக் கம்பெனிகள் செய்கிற ஆடம்பரம் என்றும் சிலர் நினைக்கிறார்கள். இரண்டுமே தப்பு என்பதுதான் என் கருத்து.

கைத்தொழில் செய்கிறவர்களுடைய கூலியில் பாதி அந்தப் பெட்டிக்குள்தான் ஒளிந்திருக்கிறது. அந்தப் பாதியை இத்தனை நாளும் வேறு யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதை மீட்டுக் கொடுக்கப் பெரிய மூலதனம் வேண்டாம். ஸ்கேலும், பென்சிலும், கொஞ்சம் கணக்கும் போதும். அந்த மூன்றும் நம்மிடம் இருக்கின்றன! இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சந்தையும் திரையும்

சந்தையில் ஒரு பெண் சுளகு வாங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? கையில் எடுப்பார். திருப்புவார். விளிம்பை விரலால் தடவுவார். இரண்டு தரம் புடைத்துப் பார்ப்பார். "இது பிஞ்சிரும் போலிருக்கே" என்று ஒரு வார்த்தை சொல்லி விலையைக் குறைப்பார். விற்கிறவரும் விடமாட்டார். "அக்கா, இது போன வருஷ ஓலை இல்ல, இந்த வருஷ ஓலை" என்று சொல்லி வாங்க வைப்பார். அங்கே பொருளுக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிறார். ஆளுடைய வாய் இருக்கிறது.

ஆன்லைனில் வாங்குகிறவருக்கு அது எதுவும் இல்லை. அவர் பணத்தை முதலில் கொடுத்துவிட்டு, நான்கு நாள் நம்பிக்கையோடு காத்திருக்கிறார். கதவைத் தட்டி ஒரு பெட்டியைக் கொடுக்கிறார்கள். அந்தப் பெட்டிதான் கடை. அந்தப் பெட்டிதான் கடைக்காரர். பெட்டி நசுங்கிப் போயிருந்தால், உள்ளே பொருள் எவ்வளவு அருமையாக இருந்தாலும் அவருடைய முகம் சுருங்கிவிடும். பெட்டி ஒழுங்காக இருந்து, திறந்ததும் ஓலை வாசனையும் ஒரு சின்னச் சீட்டும் இருந்தால், அவர் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார். அடுத்த ஆர்டர் அங்கேயே பிறந்துவிடும்.

தபாலில் பொருள் வாங்குவது நமக்குப் புதிதும் அல்ல. நம் தாத்தா காலத்தில் புத்தகமும் மருந்தும் கைக்கடிகாரமும் வி.பி.பி.யில் வந்தன. தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பார்சலை வாங்கிக்கொள்வார்கள். இன்றைக்கு 'கேஷ் ஆன் டெலிவரி' என்று சொல்வது அதே சங்கதிதான். பெயர் மாறியிருக்கிறது, வேகம் கூடியிருக்கிறது. பார்சலைப் பிரிக்கும்போது அடிக்கிற நெஞ்சு மட்டும் மாறவே இல்லை!

எங்கள் வீட்டு ஓலை

நான் பனங்காட்டுப் பகுதியிலிருந்து வருகிறவள். உடன்குடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், செம்மண் தேரியும் பனையும்தான் எங்கள் உலகம். அப்பா பனையேறி. அம்மாவும் சித்தியும் ஓலைப்பெட்டி முடைகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி ஒரு கல்லூரி வாசலை மிதித்தது நான்தான் முதலில். என் முதல் வருஷ ஃபீஸில் எத்தனை பெட்டி இருக்கிறது என்று அம்மாவுக்குத்தான் தெரியும்.

ஒரு பெட்டி எப்படி உருவாகிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குருத்தோலையை வெட்டி வந்து வெயிலில் காயப் போட வேண்டும். ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கீற வேண்டும். சாயத்தூள் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் ஓலையை முக்கி, மறுபடி நிழலில் உலர்த்த வேண்டும். அப்புறம்தான் முடைச்சல். மூடியோடு ஒரு நடுத்தரப் பெட்டி முடிக்க ஒரு நாள் போய்விடும். விரல் நுனியெல்லாம் கீறல். அந்தப் பெட்டிக்கு வியாபாரி கொடுக்கிற விலை 90 ரூபாய். அதே பெட்டியை நான் ஒரு நாள் போனில் பார்த்தேன். மூடியில் அம்மா எப்போதும் போடுகிற மயிற்கண் முடிச்சு அப்படியே இருந்தது. விலை 549 ரூபாய்! மேலே பளபளவென்று ஒரு கம்பெனியின் ஸ்டிக்கர். 'கையால் செய்தது' என்று எழுதியிருந்தது. யார் கை என்று எழுதவில்லை.

அம்மாவிடம் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நல்லா அழகாத்தானே வச்சிருக்கான்" என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அந்த வியாபாரியைத் திருடன் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் என்ன செய்தார் என்று யோசித்துப் பார்த்தேன். பெட்டியைத் துடைத்தார். அட்டைப்பெட்டியில் வைத்தார். ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். உடையாமல் நசுங்காமல் அனுப்பினார். வாங்குகிறவரின் முகவரியைத் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். இவ்வளவுதான்! விலையின் பெரும் பகுதியை அவருக்குக் கொடுத்தது இந்த வேலைகள்தான். ஓலை கீறத் தெரிந்தவர்களுக்கு அட்டை மடிக்கத் தெரியாதா? தெரியும். சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

எங்கள் தெருப் பெண்கள் ஒருதரம் தாங்களே முயற்சி செய்தார்கள். சென்னையிலிருந்து ஒருவர் கேட்டார் என்று எட்டுப் பெட்டிகளை அனுப்பினார்கள். ஐப்பசி மாசம், அடைமழை. ஓலை முழுசாகக் காயவில்லை. நனைந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினார்கள். உள்ளே இருந்த ஈரம் வெளியே போக வழியில்லை. போய்ச் சேரும்போது பூஞ்சை பிடித்திருந்தது. மேலே அடுக்கிய பாரத்தில் நான்கு பெட்டிகளின் மூடியும் அமுங்கிவிட்டது. எல்லாம் திரும்பி வந்தன. போன கூலியும் வந்த கூலியும் இவர்கள் தலையில். "நமக்கெல்லாம் இது சரிப்படாது" என்று சொல்லி மறுபடி வியாபாரியிடமே போய்விட்டார்கள். சரிப்படாதது அவர்கள் தொழிலா? இல்லை. ஈரமும் பாரமும் காற்றோட்டமும் என்ன செய்யும் என்ற சின்ன விஞ்ஞானம். அது நம் பாடத்தில் இருக்கிறது, அவர்கள் தெருவில் இல்லை.

நாம் பொதியத் தெரியாதவர்களா?

பேக்கிங் என்றால் மேல்நாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊர்க் கருப்பட்டி காலகாலமாக ஓலைப்பெட்டியில்தான் ஊர் ஊராகப் போயிருக்கிறது. ஓலை காற்றை விடும், அதனால் உள்ளே வியர்க்காது. பெட்டி அழுத்தினால் வளையும், விட்டால் நிமிரும். குயவர்கள் பானையை வண்டியில் ஏற்றும்போது நடுவில் வைக்கோல் திணிப்பார்கள். பானை பானையோடு முட்டாது. மாம்பழத்தையும் வைக்கோலில்தான் வைத்தார்கள். இட்லியும் புளிச்சோறும் வாழை இலையில் கட்டிப் பயணம் போயின. செட்டிநாட்டில் கொட்டான் இல்லாத கல்யாணம் உண்டா? பொருளைக் காப்பாற்றுவது, அழகாகக் காட்டுவது, செலவைக் குறைப்பது மூன்றும் ஒரே ஓலையில் நடந்தன.

இன்றைக்கு அட்டைப்பெட்டி அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. அதன் கதையும் சுவையானது. நெளிவுத் தாளுக்கு 1856-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார்கள். எதற்குத் தெரியுமா? உயரமான தொப்பிக்குள் வைக்கிற உறைக்கு! 1871-ல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் அதைக் கண்ணாடிப் புட்டிகளையும் விளக்குச் சிமினிகளையும் சுற்றி அனுப்பப் பயன்படுத்தினார். 1879-ல் புரூக்ளினில் ராபர்ட் கெய்ர் என்பவரின் தொழிற்சாலையில் தாள் பைகள் செய்துகொண்டிருந்தபோது, மடிப்புக் கோடு போட வேண்டிய தகடு நகர்ந்து பைகளையே வெட்டிவிட்டதாம். வேறு முதலாளி என்றால் திட்டியிருப்பார். இவர் யோசித்தார்: வெட்டுவதையும் மடிப்புக் கோடு போடுவதையும் ஒரே அழுத்தில் செய்தால் என்ன? இன்று நாம் பார்க்கிற மடித்து ஒட்டுகிற பெட்டிகள் அந்த யோசனையிலிருந்து வந்தவைதான். ஷீட் மெட்டல் ஒர்க்ஷாப்பில் தகட்டை வெட்டி மடிக்கிறோமே, அதே வேலைதான் அட்டையிலும்.

காற்றுக்கும் கூலி

கைவினைப் பொருளை அனுப்புகிறவர்கள் அடிக்கடி ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஓலைப்பெட்டி காற்று மாதிரி லேசு. அதனால் கூரியர் செலவு குறைவு என்று நினைக்கிறோம். அங்கேதான் அடி!

பல கூரியர் நிறுவனங்கள் தராசில் காட்டுகிற எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்றும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வருகிற எண்தான் கன அளவு எடை, கிலோவில். நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 செ.மீ. நீளம், 30 அகலம், 20 உயரம் உள்ள ஓர் அட்டைப்பெட்டியில் ஒரே ஓர் ஓலைப்பெட்டி. நிஜ எடை அரைக் கிலோகூட இராது. ஆனால் 30 × 30 × 20 = 18,000. அதை 5000-ஆல் வகுத்தால் 3.6 கிலோ! அரைக் கிலோப் பொருளுக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல் கூலி. மீதி எல்லாம் நாம் அனுப்புகிற காற்றுக்கு.

இதற்கு விடை எங்கள் பாட்டியிடமே இருந்தது. அடுக்குப் பெட்டி! பெரிசுக்குள் நடுத்தரம், நடுத்தரத்துக்குள் சின்னது. வெளிப்பெட்டி 23 × 18 × 10 செ.மீ. என்று வைத்தால், அது போகிற அட்டைப்பெட்டிக்கு வெளி அளவு 25 × 20 × 12 போதும். பெருக்கினால் 6,000. கன அளவு எடை 1.2 கிலோ. அதில் மூன்று பெட்டிகள் போகின்றன! முன்னே சொன்ன ஒற்றைப் பெட்டிக்கு 3.6 கிலோ, இங்கே ஒரு பெட்டிக்கு 400 கிராம் கணக்குத்தான். பொருளின் வடிவத்தை யோசிக்கும்போதே பெட்டியையும் யோசிக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. முடைந்து முடித்த பிறகு அட்டைப்பெட்டி தேடினால், கடையில் கிடைக்கிற அளவுக்கு நாம் கூலி கொடுக்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு தொழிலுக்கும் இப்படி ஒரு வழி உண்டு. பத்தமடைப் பாயைச் சுருட்டலாம்; அதற்கு அட்டைக் குழாய்தான் பொருத்தம், பெட்டி அல்ல. களிமண் பொம்மைக்குப் பெட்டிக்குள் பெட்டி வைத்து, இரண்டுக்கும் நடுவில் நாலு பக்கமும் தாள் திணிக்க வேண்டும். பொருளைப் பார்த்துத்தான் பேக்கிங், எல்லாவற்றுக்கும் ஒரே மந்திரம் கிடையாது.

அட்டையும் அடியும்

கடையில் போய் "அட்டைப்பெட்டி கொடுங்க" என்றால், "மூணு பிளையா, அஞ்சு பிளையா?" என்று கேட்பார்கள். மூன்று பிளை என்றால் மேலே ஒரு நேர்த்தாள், கீழே ஒரு நேர்த்தாள், நடுவில் நெளிவுத் தாள் ஒன்று. ஐந்து பிளையில் நெளிவு இரண்டு. லேசான ஓலைப் பொருளுக்கு மூன்று பிளை தாராளம். ஐந்து பிளை வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவது மாதிரி. கல் சிற்பம், பித்தளை விளக்கு என்றால் ஐந்து பிளை வேண்டும்.

ஒரு பெட்டிக்கு எவ்வளவு அட்டை ஆகும்? நம் டிராயிங் நோட்டிலேயே கண்டுபிடிக்கலாம். சாதாரண மடிப்புப் பெட்டியை விரித்தால் அதன் நீளம், நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரட்டித்து, ஒட்டுவதற்கு ஒரு 4 செ.மீ. சேர்த்த அளவு. விரித்த உயரம், பெட்டியின் அகலமும் உயரமும் சேர்ந்தது. நம் 25 × 20 × 12 பெட்டிக்கு 94 செ.மீ.க்கு 32 செ.மீ. ஏறக்குறைய 0.3 சதுர மீட்டர். 120 ஜி.எஸ்.எம். தாள் மூன்று என்றால், நெளிவுத் தாள் சுமார் 1.4 மடங்கு நீளம் பிடிக்கும். ஆக ஒரு சதுர மீட்டருக்கு 408 கிராம். நம் பெட்டிக்கு 122 கிராம் அட்டை, அவ்வளவுதான். இந்தக் கணக்கு கையில் இருந்தால், பெட்டிக்காரர் சொல்கிற விலை நியாயமா என்று எதிரே உட்கார்ந்து பேசலாம். கணக்குத் தெரியாதவரிடம்தான் எல்லோரும் விலை ஏற்றுவார்கள்.

அடுத்து, தாங்குமா என்று பார்க்க வேண்டும். இஸ்டா என்ற சர்வதேச அமைப்பு ஒரு சோதனை வைத்திருக்கிறது. 10 கிலோவுக்குக் குறைந்த பெட்டியைச் சுமார் 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போட வேண்டும்: ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம். அப்புறம் திறந்து பார்த்து, உள்ளே பழுது இல்லை என்றால் தேறியது. இதற்கு மெஷின் வேண்டுமா? மேசை உயரமும் ஒரு அளவு டேப்பும் போதும். நம் ஒர்க்ஷாப் வராந்தாவில் ஒரு மத்தியானத்தில் இருபது பெட்டிகளைச் சோதித்துவிடலாம். வீட்டில் ஒரு பெட்டியை நானே போட்டுப் பார்த்தேன். அம்மா, "பாவி, எதுக்குடி கீழே போடுற?" என்று ஓடி வந்தார். "கூரியர்ல போடுறதுக்கு முன்னால நாம போட்டுப் பார்க்கணும்மா" என்றேன். மூலையில் விழுந்தபோதுதான் மூடி அமுங்கியது. நான்கு மூலையிலும் கசக்கிய பிரவுன் தாளை வைத்தோம். அப்புறம் பத்துக்குப் பத்து தேறியது. செலவு? இரண்டு ரூபாய்த் தாள்.

சில சின்ன விஷயங்கள், ஆனால் முக்கியமானவை. செய்தித்தாளை ஓலையின் மேல் நேராகச் சுற்றாதீர்கள், மை ஒட்டும். வெள்ளைத் தாள் ஒன்று சுற்றி அதற்கு மேல் வேண்டுமானால் செய்தித்தாள். பெட்டியைக் குலுக்கினால் உள்ளே எதுவும் ஆடக் கூடாது. டேப்பை நடுவில் ஒரு கோடு மட்டும் ஒட்டாமல் இரண்டு ஓரத்திலும் சேர்த்து ஒட்ட வேண்டும், அப்போது மழைத்தண்ணீர் இறங்காது. மளிகைக் கடைப் பழைய பெட்டியை வாங்கலாம், தப்பில்லை. ஆனால் நனைந்து காய்ந்த பெட்டியும் நைந்த பெட்டியும் வேண்டாம். பழைய முகவரிச் சீட்டைக் கிழித்துவிட வேண்டும். ஓலை முழுசாகக் காயாமல் எந்தக் காரணத்துக்கும் மூடக் கூடாது. ஆர்டர் இரண்டு நாள் தாமதமானால் வாங்குகிறவர் மன்னிப்பார், பூஞ்சையை மன்னிக்க மாட்டார்.

அழகு என்பது என்ன?

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள். சரி. ஆனால் ஆடை என்றால் ஜிகினாதான் என்று யார் சொன்னது? சிலர் கைவினைப் பொருளைப் பளபளக்கும் பிளாஸ்டிக்கில் சுற்றி, ரிப்பன் கட்டி, தெர்மாகோலில் புதைத்து அனுப்புகிறார்கள். பொருளைவிட உறைக்குச் செலவு அதிகம்! அதோடு, ஓலைப்பெட்டியை வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார்? பிளாஸ்டிக் வேண்டாம் என்பதற்காகத்தானே? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமே வந்தது. அப்படியிருக்க, பனை ஓலையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்புவது பொருளையே கேலி செய்வது போல் ஆகாதா?

என் எண்ணத்தில் அழகு என்றால் சுத்தம், அளவு, பெயர் இந்த மூன்றும்தான். பழுப்பு அட்டைப்பெட்டி, அதன்மேல் ஒரே நிறத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு. பெட்டியிலேயே அச்சடிக்க வேண்டுமென்றால் பிளாக் செலவு ஆகும், ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுக்கச் சொல்வார்கள். ரப்பர் ஸ்டாம்பு நம் டவுனில் ஒரு மணி நேரத்தில் செய்து கொடுப்பார்கள், வருஷக்கணக்கில் உழைக்கும். கட்டுவதற்கு நைலான் கயிறு வேண்டாம், சணலோ பனை நாரோ போதும். பிரிக்கிறவர் கத்தரிக்கோல் தேடாமல் அவிழ்க்கும்படி முடிச்சுப் போட வேண்டும்.

உள்ளே ஒரு சீட்டு. அதில் முடைந்தவர் பெயர், ஊர், எந்த மாதம் முடைந்தது, எப்படிப் பாதுகாப்பது. "ஈரத் துணியால் துடைத்து நிழலில் காய வையுங்கள்" என்று ஒரு வரி. நிறையச் சீட்டு வேண்டுமென்றால் சிவகாசி நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சட்டமும் சில விவரங்களைக் கேட்கிறது. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, முன்கூட்டியே பொதிந்து விற்கும் பொருளின்மேல் தயாரித்தவர் அல்லது பொதிந்தவர் பெயர், முகவரி, எண்ணிக்கை, எம்.ஆர்.பி., மாதம், வருடம், புகாருக்கான தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும். இது தொந்தரவு என்று நினைப்பார்கள் பலர். எனக்கோ இது ஒரு வரம் போலத் தெரிகிறது. தயாரித்தவர் பெயர் போடு என்று சட்டமே சொல்லும்போது, அங்கே அம்மா பெயரைப் போட யாரைக் கேட்க வேண்டும்?

ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கவும் சட்டம் இருக்கிறது. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் நிறைவேறி 2003-ல் நடைமுறைக்கு வந்தது. நம் பக்கத்துக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ல் அந்தக் குறியீட்டைப் பெற்றது. நல்ல காரியம். ஆனால் ஊரின் பெயர் உயர்ந்தால் போதுமா? ஊருக்குள் உழைக்கிறவரின் பெயரும் வெளியே தெரிய வேண்டாமா?

கட்டுகிற கைக்கும் கூலி

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கைவினைப் பொருளுக்கு விலை போடும்போது ஓலை, சாயம், முடைகிற கூலி, அட்டைப்பெட்டி, கூரியர் எல்லாம் எழுதுகிறோம். கட்டுகிற நேரத்தை யாரும் எழுதுவதில்லை. வீட்டுப் பெண்கள் ராத்திரி சமையல் முடித்துவிட்டு உட்கார்ந்து கட்டுவார்கள். அதற்குக் காசா என்று சிரிப்பார்கள். ஒரு பார்சலை ஒழுங்காகக் கட்ட இருபது நிமிஷம் என்று வையுங்கள். நாளைக்குப் பத்துப் பார்சல் என்றால் மூன்று மணி நேரத்துக்கும் மேல்! அது உழைப்பு இல்லையா? கம்பெனியில் பேக்கிங் செக்ஷனுக்குச் சம்பளம் உண்டு, வீட்டில் மட்டும் ஏன் இனாம்? "மலிவாகப் பேக்கிங் செய்கிறோம்" என்று பெருமைப்படுகிறவர்கள், அந்த மலிவு அட்டையிலிருந்து வந்ததா, ஒரு தாயின் தூக்கத்திலிருந்து வந்ததா என்று பார்க்க வேண்டும். மலிவு என்பது அளவைச் சரியாக எடுப்பதால் வர வேண்டும், கூலியை மறைப்பதால் அல்ல.

நம் சங்கம் என்ன செய்யலாம்?

"நாம டிப்ளமோ படிக்கிறது கம்பெனி வேலைக்கு, பெட்டி கட்டுறதுக்கா?" என்று என் வகுப்பிலேயே ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பெட்டி கட்டுவதும் ஒரு பொறியியல்தான். இதைக் கற்றுக் கொடுக்கவே 1966-ல் மும்பையில் இந்தியப் பேக்கேஜிங் நிறுவனம் தொடங்கப்பட்டது, சென்னையிலும் அதற்கு மையம் உண்டு. பாலிடெக்னிக் படிப்பு நான்கு சுவருக்குள் நின்றுவிடாமல் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போக வேண்டும் என்று 1978-79-லேயே கம்யூனிட்டி பாலிடெக்னிக் திட்டம் கொண்டு வந்தார்கள். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முளைத்தன. இன்று தெருவுக்குத் தெரு குழு இருக்கிறது. குழு இருக்கிறது, கைத்தொழில் இருக்கிறது, நாம் இருக்கிறோம். நடுவில் பாலம்தான் இல்லை.

எனவே மாணவர் சங்கத்துக்கு நான் வைக்கிற வேண்டுகோள் நான்கு.

முதலாவது, சுற்றியுள்ள ஊர்களில் என்ன கைத்தொழில் நடக்கிறது என்று பட்டியல் எடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஏற்ற பெட்டியை நம் கேட் லேபில் வரைந்து கொடுப்போம். வரைபடத்துக்குக் காசு வாங்க வேண்டாம்.

இரண்டாவது, மாதத்தில் ஒரு சனிக்கிழமை 'போட்டுப் பார்க்கும் நாள்' வைப்போம். குழுப் பெண்கள் கட்டிய பார்சலைக் கொண்டு வரட்டும். பத்து முறை போட்டுப் பார்த்து எங்கே பலவீனம் என்று சொல்வோம்.

மூன்றாவது, ஒரு குழு நூறு பெட்டி வாங்கினால் விலை அதிகம், பத்துக் குழு சேர்ந்து ஆயிரம் வாங்கினால் குறையும். இரண்டு மூன்று அளவுகளை மட்டும் பொதுவாக வைத்துக்கொண்டால் இது முடியும். அந்த ஆர்டரைச் சேர்த்துப் போடுகிற எழுத்து வேலையை நாம் செய்வோம்.

நான்காவது, விலைக் கணக்குச் சீட்டு ஒன்று தமிழில் அச்சடித்துக் கொடுப்போம். அதில் 'கட்டும் கூலி' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

இதில் எதற்கும் அரசாங்க ஆணைக்காகக் காத்திருக்க வேண்டாம். நன்கொடைச் சீட்டும் அடிக்க வேண்டாம். நம்மைப் படிக்க வைக்கிற பணம் பனையிலிருந்தும், தறியிலிருந்தும், சக்கரத்திலிருந்தும், கொல்லுப் பட்டறையிலிருந்தும் வருகிறது. நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் வந்தோம். நாளைக்கு வேலை கிடைத்து ஊரை விட்டுப் போவோம், போகத்தான் வேண்டும். ஆனால் போவதற்கு முன்னால் கற்ற அளவுக் கணக்கில் கொஞ்சத்தை நம் வீட்டு வாசலிலும் வைத்துவிட்டுப் போகலாம் அல்லவா?

தோழர்களே, தோழியரே! அடுத்த ஆண்டு மலரில் இதே பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை வர வேண்டும் என்பது என் ஆசை. எத்தனை பார்சல் போயிற்று, எத்தனை பழுதாகித் திரும்பி வந்தது, எத்தனை பெட்டிக்கு மேலே செய்தவர் பெயர் இருந்தது. மூன்றே மூன்று எண்கள். முதல் எண் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்றாவது எண் முதல் எண்ணுக்குச் சமமாக இருக்கட்டும். சனிக்கிழமைக்கு யார் யார் வருகிறீர்கள்? சங்க அறையில் பெயர் கொடுங்கள்.

— இரண்டாம் ஆண்டு மாணவி,
இயந்திரவியல் துறை